தொட்டிக்கு வெளியே நின்று குளிப்பவர்கள்

சமையலறை சீலிங் பலகை ரைஸ் குக்கர் மேல் விழுந்தபோது அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையில் விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கப்புறம் என் அண்ணன் போனில் பேசிய பேச்சைக் கேட்டவர்களுக்கு அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

"நான் சொன்னேன்ல? அந்த வீட்டுல இனி அம்மாவை வச்சிருக்க முடியாது. நாளைக்கு அவங்க தலையிலயே விழும்."

"அண்ணே, பலகை விழுந்தது உன் பாத்டப்புத் தண்ணியாலதான்லா," என்றேன்.

"பாத்டப் என்ன பண்ணுச்சு? அவங்களுக்குக் குளிக்கத் தெரியல."

அம்மாவுக்குக் குளிக்கத் தெரியாது. தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர் அம்மா. தண்ணீரைக் கண்டாலே அலறுகிற ஆட்களை, தன்னைவிட இரண்டு மடங்கு கனமான ஆட்களை, பேசிப் பேசிச் சமாதானப்படுத்திக் குளிப்பாட்டிக் காலம் தள்ளியவர். அவருக்குத்தான் குளிக்கத் தெரியாதாம்.

அந்த பாத்டப் வந்த கதையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். ஈப்போவில் எங்கள் வீடு மாடி வைத்த வரிசை வீடு. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும்தான். நான் காம்பார் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். அண்ணன் தஞ்சோங் மாலிமில், காடி, அதாவது கார், செய்யும் தொழிற்சாலையில் பெரிய வேலை. ஒரு தீபாவளிக்கு முன்னால் அம்மா பினாங்கில் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் ஆள் கூட்டி வந்து மேல் மாடிக் குளியலறையை உடைத்தான். நீல ஓடு பதித்த தண்ணீர்த் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. இடுப்பு உயரம், எப்போதும் நிரம்பியிருக்கும். அதைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கி, அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பாத்டப்பை வைத்தான். தங்க நிறத்தில் குழாய். சர்ப்ரைஸ்.

அம்மா பயணப் பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தார்.

"இதுல எப்படிடா குளிக்கிறது?"

"ஹோட்டல்ல இருக்கிற மாதிரிம்மா. தண்ணி பிடிச்சு உள்ள சாஞ்சு உட்கார வேண்டியதுதான். உடம்பு வலி எல்லாம் போயிரும்."

"குளிச்ச அழுக்குத் தண்ணியிலயே ஊறிக்கிட்டு கிடக்கணுமா?"

அண்ணன் சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்கள். எல்லோரும் இதயம் அனுப்பினார்கள். அந்த பாத்டப்புக்குள் உட்கார்ந்து ஒருமுறைகூட யாரும் குளிக்கவில்லை. அண்ணன் உட்பட.

அம்மா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பாத்டப்பைக் காலையில் விளிம்புவரை நிரப்பி வைப்பார். காயோங் என்று நாங்கள் சொல்கிற பிளாஸ்டிக் கோப்பையை அதில் மிதக்க விடுவார். மார்பு வரை சாரோங் கட்டிக்கொண்டு, பாத்டப்புக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் நின்று, மொண்டு மொண்டு தலையில் ஊற்றுவார். பழைய தொட்டியில் எப்படிக் குளித்தாரோ அப்படியே. அடிக்கடி குழாயில் தண்ணீர் நின்று போகும் தாமான், குடியிருப்பு, எங்களுடையது, ஆகவே பாத்டப் நிறையத் தண்ணீர் இருப்பது வசதியும்கூட. நானும் அப்படித்தான் குளித்தேன். தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறது, பிறகென்ன.

பிறகு சமையலறை சீலிங்கில் டீ சிந்தின மாதிரி ஒரு கறை வந்தது. குளியலறைக்கு நேர் கீழே சமையலறை.

அண்ணன் தன் நண்பனை அனுப்பினான். அந்த ஆள்தான் பாத்டப்பை மாட்டிய கண்ட்ராக்டர். வந்ததும் வராததுமாகக் காதில் போனை வைத்துக்கொண்டு, ஒரு கையால் சிலிக்கோன் பசை பீச்சும் கன்னைப் பிடித்து, பாத்டப்பின் விளிம்பு சுவரோடு சேர்கிற இடுக்கில் பற்பசை மாதிரி நீளமாக ஒரு கோடு இழுத்தார். ஏற்கெனவே இருந்த பழைய சிலிக்கோன் கறுத்துப்போய்ப் பாதி பிய்ந்து கிடந்தது. அதை எடுக்கவில்லை, துடைக்கவில்லை, ஈரம்கூடக் காயவில்லை. அதன் மேலேயே பூசினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வினிகர் வாடை மட்டும் சாயந்திரம் வரை இருந்தது.

"அண்ணே, பழசைச் சுரண்டி எடுக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி படிச்ச பிள்ளைல. எல்லாம் யூடியூப்ல பாத்துட்டு வந்து கேக்கும்," என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஆண்ட்டி, இது டபுள் லேயர். இன்னும் ஸ்ட்ராங்கு."

டபுள் லேயர் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஓரத்தில் நகத்தை விட்டால் நூடல்ஸ் மாதிரி முழுசாக உரிந்து வந்தது. மறுபடி வந்தார், மறுபடி மேலேயே பூசினார். கறை பெரிதானது. கடைசியாக வந்தபோது பழி போட ஆள் தேடினார்.

"ஆண்ட்டி, நீங்க உள்ள உட்காந்து குளிக்கணும். தொட்டி மாதிரி மொண்டு ஊத்துனா எப்படிலா தாங்கும்? இது எஸ்டேட்டு லயமா?"

அம்மா பிறந்தது எஸ்டேட் லயத்தில்தான், ரப்பர்த் தோட்டக் கூலிகளின் வரிசைக் குடியிருப்பில். அந்த ஆள் பிறந்ததும் ஏதோ ஒரு எஸ்டேட்டில்தான், அவர் வாயாலேயே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இப்போது நான்கு சக்கர வண்டி வாங்கியதும் மற்றவர்களைக் குத்திக் காட்ட அது ஒரு வார்த்தையாகிவிட்டது. அம்மா அவருக்கு மைலோ கலக்கப் போனார். எனக்கு அந்த மைலோவை அவர் சட்டையில் ஊற்ற வேண்டும் போல இருந்தது.

அப்புறம்தான் பலகை விழுந்தது. அந்த வார இறுதியில் அண்ணன் வந்தான், கண்ட்ராக்டரையும் கூட்டிக்கொண்டு. இருவரும் சமையலறையில் நின்று மேலே தெரிந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்கள். நானும் அம்மாவும் அங்கேதான் நின்றோம், அங்கே இல்லாத மாதிரி.

"மச்சான், வேற பலகை வச்சு பெயிண்ட் அடிச்சிரு. பாக்க வர்றவங்களுக்குத் தெரியக் கூடாது," என்றான் அண்ணன்.

"யாரு பாக்க வர்றா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னான். வீடு விற்கும் ஏஜெண்ட் ஒருத்தியிடம் பேசிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டி வருவாள். வீட்டை விற்றுவிட்டு அம்மா தஞ்சோங் மாலிமுக்கு வந்துவிட வேண்டியது. அங்கே கீழ் அறை ஒன்று காலியாக இருக்கிறது. பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

"அம்மாகிட்ட கேட்டியா?"

"இதுல கேக்க என்னா இருக்கு? நீ வேலை கிடைச்சா கேஎல் போயிருவ. கல்யாணம் ஆனா இன்னும் தூரமா போயிருவ. அம்மா ஒத்தையா இங்க என்ன பண்ணுவாங்க? ஒரு பாத்ரூமையே ஒழுங்கா வச்சிக்கத் தெரியல, வீட்டை எப்படி வச்சிக்குவாங்க?"

அம்மா பக்கத்தில்தான் நின்றார். அவர் பெயரில் இருக்கிற வீடு. அவரும் அப்பாவும் சேர்ந்து கட்டி முடித்த கடன். "நான் கவனமாத்தான்யா குளிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார். யாரோ வார்டில் கண்ணாடி கிளாஸை உடைத்துவிட்டு மேட்ரனிடம் சொல்வது மாதிரி இருந்தது குரல். பெற்ற மகனிடமே அதிகாரியிடம் கெஞ்சுவது போல வந்த அந்த "யா"வைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது.

அதற்கு அடுத்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். அம்மா குளியலறைக்குப் போகிறார், வருகிறார், தண்ணீர்ச் சத்தமே இல்லை. துண்டு காய்ந்தே கிடக்கிறது. ஒருநாள் கதவு லேசாகத் திறந்திருந்தது. சின்னப் பேசினில் கொஞ்சம் தண்ணீர் வைத்துக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகளை வார்டில் துடைத்துவிடுவார்களே, அது. தன் வீட்டில், தன் குளியலறையில், ஒரு காயோங் தண்ணீர் ஊற்றப் பயந்து தன்னைத்தானே நோயாளி மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளினேன்.

"என்னாம்மா இது?"

"ஒழுகுதுல்ல மா."

"ஒழுகட்டும்."

"ஞாயித்துக்கிழமை ஆளுங்க வர்றாங்க. உங்கண்ணன் கத்துவான்."

நான் அங்கேயே சொன்னேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை நான் அடைக்கிறேன் என்று. எனக்கு அப்போது சிலிக்கோன் கன்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. நான் படித்தது கணக்கியல். ஆனால் அந்தக் கண்ட்ராக்டருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும், ஆகவே நாங்கள் சமம்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும். இவ்வளவு நாளும் அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. பாத்டப்பை நிரப்பிவிட்டு ஒரு பகல் முழுக்க அப்படியே விட்டேன். கீழே சீலிங் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், சொட்டு இல்லை. ஆக உள்ளே இருக்கிற தண்ணீர் ஒழுகவில்லை. பிறகு விளிம்பு இடுக்கில் காயோங்கால் ஊற்றினேன். கொஞ்சம் சொட்டியது. ஆனால் பலகை விழுகிற அளவுக்கு இல்லை.

"அம்மா, நீங்க எப்பவும் குளிக்கிற மாதிரி குளிங்க. சாரோங் கட்டிக்கிட்டு. நான் கீழ நின்னு பாக்குறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"நிறைய ஊத்துங்க. தலைக்கு ஊத்துங்க."

அம்மா ஊற்றினார். முதல் இரண்டு மூன்று காயோங்குக்கு ஒன்றுமில்லை. பிறகு கீழே சமையலறையில் மழை. சும்மா சொல்லவில்லை, ஓட்டை ஓரத்திலிருந்து கோடாக இறங்கி அடுப்பு மேல் விழுந்தது. மேலே ஓடினேன். அம்மா நனைந்த சாரோங்குடன் நின்றார். அவர் காலடியில் விழுந்த தண்ணீர் பாதி தரை ஓட்டைக்குப் போனது, மீதி பாத்டப்பின் முன்பக்கத்தை மூடி நிற்கிற முன்பலகைப் பக்கம் போய்க் காணாமல் போனது. பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. அதை மூடவே இல்லை. மேலே மட்டும் கோடு கோடாகப் பூசிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் கீழே நடந்து போய்க்கொண்டிருந்தது.

"நீங்க இங்கதான் நின்னு குளிக்கிறீங்கன்னு அந்தாளுக்குத் தெரியாதா?"

"தெரியும். திட்டுனானே."

"அப்ப ஏன் இந்தப் பக்கம் பாக்கல?"

அம்மா தலைமுடியைப் பிழிந்தார். "எங்க நிக்கிறீங்க, தண்ணி எங்க போகுதுன்னு யாரும் எங்கிட்ட கேக்கலையே மா. எப்படிக் குளிக்கணும்னுதான் சொன்னாங்க."

அதுதான். இந்த நாட்டில் பாதிப் பேர் மொண்டு ஊற்றித்தான் குளிக்கிறார்கள். பாத்டப் வாங்கிய பாதிப் பேர் அதில் தண்ணீர் பிடித்துத்தான் வைத்திருப்பார்கள். தரையில் தண்ணீர் வரும் என்று தெரிந்த ஒருவன் தரையை அடைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஒரு தாதிக்குக் குளிக்கச் சொல்லிக்கொடுக்கிறான்.

மறுநாள் வேலை ஆரம்பித்தோம். சுரண்டுவதுதான் நரகம். கட்டர் பிளேடால் அறுத்து அறுத்து, அடுக்கடுக்காக உரித்து எடுத்தோம். அடியில் கறுப்பாகப் பூஞ்சை. கையில் எடுத்துப் பார்த்தபோது சிலிக்கோனின் அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவும் நானும் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். எண்ணெய்த் தலையோடு குனியும்போது கையைச் சுவரில் ஊன்றுவோம், பாத்டப் விளிம்பைப் பிடிப்போம். அந்த எண்ணெயெல்லாம் அந்த இடுக்கில்தான் படிந்திருந்தது, அதன் மேல் சீயக்காய்த் தூள் வேறு. எண்ணெய் மேல் சிலிக்கோன் எப்படி ஒட்டும்? எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் உண்டு என்பது அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்க, அவர் வீட்டில் இல்லாத பழக்கமா அது?

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்தோம். காய்ந்ததும் அம்மா தன் பழைய மருந்துப் பெட்டியைக் கொண்டு வந்தார். ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, ஊசி போடும் முன் கையைத் துடைப்பது மாதிரி, இடுக்கு முழுவதும் துடைத்துக்கொண்டே போனார். பஞ்சு மஞ்சளாக வந்தால் தூக்கிப் போட்டார், வெள்ளையாக வரும்வரை விடவில்லை. பிறகு மின்விசிறியைக் குளியலறை வாசலில் வைத்து இரவு முழுக்க ஓட விட்டோம்.

சிலிக்கோன் வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்கார தவுக்கே என்னைப் பார்த்ததும் எல்லாவற்றிலும் மலிவான டியூபை நீட்டினார். அது சுவர் வெடிப்பில் பூசிப் பெயிண்ட் அடிக்கிற பசை, தண்ணீரில் நிற்காது என்று டியூபிலேயே போட்டிருந்தது. வேண்டாம், குளியலறைக்கான பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன் கொடுங்கள் என்றேன். "சாமா ஜுகா," என்றார், எல்லாம் ஒன்றுதான் என்று. ஒன்றில்லை என்று டியூபில் எழுதியிருந்ததை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். உள்ளே போய் எடுத்து வந்தார்.

பூச ஆரம்பிக்கும் முன், அன்று நிரப்பிப் பார்த்தபோது கவனித்த ஒன்று நினைவுக்கு வந்தது: பாத்டப் காலியாக இருக்கும்போதும் நிரம்பியிருக்கும்போதும் இடுக்கு ஒரே அளவில் இல்லை. நிரப்பினால் கனத்தில் பாத்டப் கொஞ்சம் கீழே இறங்குகிறது, இடுக்கு அகலமாகிறது. காலியாக இருக்கும்போது பூசினால், அம்மா தண்ணீர் பிடித்ததும் சிலிக்கோன் இழுபட்டு விட்டுவிடும். ஆகவே முதலில் நிரப்பினோம். எப்போதும் நிரம்பியே இருக்கிற பாத்டப்பை நிரம்பிய நிலையிலேயே அடைத்தோம். குற்றம் என்று சொல்லப்பட்ட அம்மாவின் பழக்கம்தான் அந்த இடுக்கை இனி அசையாமல் வைத்திருக்கப் போகிறது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது.

இடுக்கின் இரு பக்கமும் டேப் ஒட்டி, நான் கன்னை அழுத்திக்கொண்டே போனேன். பின்னாலேயே அம்மா, கையில் ரப்பர் உறை, சோப்புத் தண்ணீரில் தொட்ட விரலால் ஒரே இழுவையாக வழித்துவிட்டார். முன்பலகை தரையோடு சேர்கிற இடத்தில் இருவரும் மண்டியிட்டோம். டேப்பை உரித்தபோது கோடு அச்சடித்த மாதிரி இருந்தது.

"யாரும் இங்க வராதீங்க, காயட்டும்," என்றார் அம்மா. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

முழுசாகக் காயும்வரை குளியல் இல்லை. ஞாயிறு காலை, அம்மா போய் நிறைய நிறைய ஊற்றிக் குளித்தார். கீழே ஓட்டையில் காய்ந்த மரச்சட்டமும் சிமெண்டும் மட்டும் தெரிந்தன. சொட்டு இல்லை.

பதினோரு மணி வாக்கில் அண்ணன் தனியாக வந்தான். வழியில் காடி ஏர்கான் கெட்டுவிட்டதாம், சட்டையெல்லாம் வியர்வை. ஓட்டை இன்னும் மூடாமல் இருப்பதைப் பார்த்துக் கண்ட்ராக்டரைத் திட்டினான். நான்தான் அவரை வர வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னேன்.

"ஏன்?"

"ஒழுகல் நின்னு போச்சு. நாங்களே அடச்சிட்டோம்."

"நீ அடச்சியா? சும்மா இருலா. ஏஜெண்ட் வர்ற நேரம். நான் போய் ஒரு குளி குளிச்சிட்டு வாரேன், அப்புறம் பேசலாம்."

அவன் மேலே போனான். நான் சமையலறையில் நின்றேன், அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம். சளார். சளார். சளார். காயோங்கால் மொண்டு தரையில் நின்று ஊற்றுகிற சத்தம், அதில் சந்தேகமே இல்லை. ஹோட்டல் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தவன் அப்படிச் சத்தம் போட மாட்டான். அம்மா மீனைத் திருப்பிப் போட்டார். அவர் உதடு லேசாகக் கோணியது.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கி வந்தான்.

"எங்க நின்னு குளிச்ச?" என்று கேட்டேன்.

"பாத்ரூம்லதான். வேற எங்க?"

"தொட்டிக்கு உள்ளயா வெளியயா?"

அவன் என்னைப் பார்த்தான், சீலிங் ஓட்டையைப் பார்த்தான். அடுப்பு மேல் ஒரு துளி ஈரம் இல்லை.

"தண்ணி பிடிச்சு வச்சிருந்தீங்க. அதான் மொண்டு ஊத்துனேன்," என்றான். பிறகு, "அதுக்காக வீட்டு விஷயம் மாறாதுலா. ஒழுகல் மட்டுமா பிரச்சினை?"

"போன வாரம் ஒழுகல் மட்டும்தான் பிரச்சினையா இருந்துச்சு."

"அம்மாவோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. சீன ஏஜெண்ட் பெண்ணும், அவள் பின்னால் புருஷன் பெண்டாட்டியாக இரண்டு பேரும். அண்ணன் கதவைத் திறக்கப் போவதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, ஈரத் தலையோடு கேட்டுக்குப் போய்விட்டார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாகவே பேசினார்.

"ருமா இனி தாக் ஜுவால், அமோய்." இந்த வீடு விற்பனைக்கு இல்லை, பெண்ணே.

ஏஜெண்ட் அண்ணனைக் கைகாட்டி, இவர்தான் சொன்னார் என்றாள்.

"அனாக் சாயா. ருமா சாயா." என் மகன். வீடு என்னுது. குரல் உயரவே இல்லை. வார்டில் பார்வை நேரம் முடிந்தது என்று சொல்கிற குரல் அது. வெயிலில் அலைய வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டார், குடிக்க ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டார். அவர்கள் வேண்டாம் என்று காடியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"எல்லார் முன்னாலயும் இப்படி அசிங்கப்படுத்திட்டீங்களே," என்றான் அண்ணன், உள்ளே வந்ததும்.

"என்னையக் கேட்டு வரச் சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டாங்க," என்றார் அம்மா. "பேரப் பிள்ளைங்களைப் பாக்க லீவுக்கு வாரேன். தங்க மாட்டேன். உட்காரு, சாப்பிடு."

அவன் உட்கார்ந்தான். மன்னிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. நான் இன்னும் பேச வாயெடுத்தேன், அம்மா கண்ணாலேயே அடக்கினார். சோறு போட்டார். மீனில் பெரிய துண்டு அவன் தட்டுக்குத்தான் போனது. சிலிக்கோனைச் சுரண்டிச் சுரண்டி விரலெல்லாம் வெட்டுப்பட்ட எனக்கு வால் துண்டு.

"அடுத்த வாரம் வரும்போது," என்றார் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே, "சீலிங் பலகை வாங்கிட்டு வா. உன் கூட்டாளி வேணாம். ஏணி பக்கத்து வீட்டுல இருக்கு. நீயே மாட்டு."

அவன் வாயில் சோற்றோடு தலையை ஆட்டினான்.